நூறு எண்ணுகிற கூலி

என் மகளின் உயிருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் வருடம் ஜூன் மாதத்தில் விலை முப்பது ரூபாய். விற்றவன் ஐம்பது சொன்னான். இறக்கியவன் நான்.

இறக்கியதில் அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உக்கடத்தில் எங்களுக்குக் கழிவுப்பஞ்சு வியாபாரம். மில்லில் நூல் ஓடும்போது தரையில் விழுகிறதையும் மெஷின் துப்புகிறதையும் மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து, மெத்தை தைக்கிறவர்களுக்கு விற்கிற தொழில். சொன்ன விலைக்கு ஒரு சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் என் அத்தா சாமானைப் பார்க்கமாட்டார்; என்னை ஏற இறங்கப் பார்ப்பார். கத்தரிக்காயிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் பேரம் பேசாமல் எங்கள் வீட்டுக்குள் எதுவும் வந்ததில்லை. மருமகள் மட்டும்தான் விதிவிலக்கு என்று அத்தா சொல்வார். அதையும் என் மனைவி சாஜிதா நம்பமாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், அஃப்ஷீன். எட்டு வயது. பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இருபது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அரங்கசாமி, ரத்தம் பார்த்துவிடலாம் என்றார். கம்பவுண்டர் ஊசியால் எடுத்து, கழுவிக் காயவைத்த பென்சிலின் குப்பியில் விட்டு, ரப்பர் மூடியை அழுத்தி என் கையில் கொடுத்தார். குப்பியின் அடியில் ரத்தம் உறையாமல் இருப்பதற்குக் கொஞ்சம் வெள்ளைப் பொடி. அதை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த பாலுசாமியின் லேப்புக்குப் போனேன்.

"அம்பதுங்க பாய்."

"ஒரு சொட்டு ரத்தம், அதுவும் எங்க ரத்தம். அதைப் பாக்கறதுக்கு அம்பதா? இருவத்தஞ்சு போட்டுக்கங்க."

"கட்டாதுங்க."

"இன்னிக்கு மட்டுமா வாரேன்? குடும்பத்துல பதினோரு பேருங்க. ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தனுக்குச் சீக்கு வந்துட்டே இருக்கும். உங்க கடைக்கு நாங்க ஒரு மில்லு மாதிரி."

பாலுசாமி சிரித்தார். தங்கமான சிரிப்பு. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"சரிங்க, பெரியவங்க கேக்கறீங்க. முப்பது குடுங்க. வெளிய சொல்லீராதீங்க."

சாயங்காலம் பேப்பர் வந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "எல்லாம் நார்மல். வைரஸ் காய்ச்சல்தான்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. மறுபடியும் குப்பி, மறுபடியும் முப்பது ரூபாய். மறுபடியும் நார்மல். "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார் டாக்டர்; குழந்தைகளுக்கு வருகிற காசநோய். அந்த வருடங்களில் கோயமுத்தூரில் சளி பிடித்த குழந்தைக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். அஃப்ஷீன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தா, காலைல மூணு சொல்றாங்க. ரெண்டுக்கு முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். ரத்தம் சும்மா விடுமா?

ஐந்தாவது வாரத்தில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு வளையம். ஈறில் ரத்தம். மூன்றாவது பேப்பரும் நார்மல்தான். அன்றைக்குச் சாஜிதா மூன்று பேப்பரையும் என் முன்னால் பரப்பி வைத்தாள்.

"ஏனுங்க, புள்ள நாளுக்கு நாள் வெளுத்துப் போறா. பேப்பர்ல மட்டும் அப்படியே இருக்கறா. அதெப்படிங்க?"

நான் பேப்பரைப் படித்தவன் இல்லை; டாக்டர் படித்ததைக் கேட்டவன். இப்போதுதான் பார்த்தேன். வெள்ளை அணுக்களில் ஒவ்வொரு வகையும் நூற்றுக்கு எத்தனை என்று எழுதியிருந்தது. முதல் பேப்பர்: நியூட்ரோஃபில் 62, லிம்போசைட் 34, ஈசினோஃபில் 4. இரண்டாவது: 60, 36, 4. மூன்றாவது: மறுபடியும் 62, 34, 4. சாஜிதா பீரோவுக்குள் தேடி, போன வருடம் அவளுக்கே எடுத்த பேப்பரைக் கொண்டுவந்தாள். 62, 34, 4.

அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எண்கள் எனக்குத் தெரியும். நிறுத்து எழுதின மூட்டை எழுபத்தொன்று வரும், அறுபத்தெட்டே முக்கால் வரும். நிறுக்காமல் எழுதின மூட்டைதான் எழுபது, எழுபத்திரண்டு, எழுபது என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். நாலு பேப்பரில் ஒரு ஒற்றைப்படை எண்கூட இல்லை. எங்கள் குடோனில் ஒரு கணக்குப்பிள்ளை இப்படித்தான் மூன்று மாதம் எழுதினான். அவனைப் பிடிப்பதற்கு அத்தா சத்தம் போடவில்லை. ஒரு மூட்டை நிறைய மரத்தூளை அடைத்து, வரிசையில் வைத்துவிட்டு, "எடையும் தரமும் எழுது" என்றார். அவன் "முதல் தரம், எழுபத்திரண்டு" என்று எழுதினான். அன்றோடு போனான்.

மறுநாள் காலையில் கம்பவுண்டரிடம், குப்பி கை தவறி உடைந்துபோனதாகச் சொல்லி, பொடி போட்ட இன்னொரு குப்பி வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் கோழிக்கடை வைத்திருக்கிற நாகூர் மீரானிடம் போனேன்.

"ஒரு கோழி போடுங்க. ரத்தம் கொஞ்சம் இதுல வேணும்."

"ரத்தம் எதுக்குங்க பாய்?"

"டெஸ்டுக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என் கடைக் கோழிக்கு என்ன சீக்கைக் கண்டீங்க? இருவது வருசமா வாங்கித் திங்கறீங்க, ஒரு நாளு வயித்தால போச்சா?"

"கோழியச் சொல்லலீங்க. லேப்புக்காரரச் சோதிக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கோழியை அறுத்தார். பிறகு மிகவும் கவனமாக, சிந்தாமல், குப்பியைப் பிடித்து நிரப்பினார். காசு வாங்கிக்கொண்டு கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "நார்மல்னு வந்துச்சுன்னா எனக்கு ஒரு காப்பி குடுங்க. ஃபிரேம் போட்டுக் கடையில மாட்டிக்கறேன்."

பாலுசாமியிடம், மில்லில் வேலை செய்கிற லட்சுமணசாமி, வயது ஐம்பத்திரண்டு என்று பெயர் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. ஐம்பது ரூபாயை எண்ணி வைத்தேன். முழு விலை கொடுத்தால் முழு வேலை நடக்கிறதா என்று அதையும் பார்த்துவிடலாம் என்றுதான்.

சாயங்காலம் போனபோது பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க பாலுசாமி, நம்ம லட்சுமணசாமிக்கு வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க பாய். ஒண்ணும் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. எல்லாம் நார்மல்."

பேப்பரைப் பிரித்தேன். 60, 36, 4.

"கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். "இப்ப எங்க இருக்காருங்க?"

"என் வயித்துலங்க."

அவருக்குப் புரியவில்லை. "மத்தியானம் குழம்பு வெச்சாச்சு" என்றேன். "உக்கடம் மார்க்கெட்டு, நாகூர் மீரான் கடை, ரெண்டு கிலோ. வேணும்னா இறகு கொண்டாந்து காட்டட்டுங்களா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் முகம் மாறுகிறதைப் பார்த்ததும் ஊதா வளையம் விழுந்த இடுப்புதான் கண்முன் வந்தது. மேஜையைத் தாண்டி உள்ளே போனேன். மூலையில் துணி போட்டு மூடிய மைக்ராஸ்கோப். துணியை உருவினேன். கண் வைக்கிற இடத்தில் கண்ணாடியே இல்லை. தூசி போகாமல் இருக்க அந்த ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. நல்ல பஞ்சு. முதல் தரம்.

"எம் புள்ள ரத்தத்த என்ன பண்ணுனே?"

அவர் பார்வை சுவரோரத் தொட்டிக்குப் போய்விட்டு வந்தது. அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அஞ்சு வாரமாக அவள் ரத்தம் உக்கடத்துச் சாக்கடையில் ஓடியிருக்கிறது.

"சத்தம் போடாதீங்க பாய்" என்றார் மெதுவாக. "நீங்களும் யாவாரிதான, நீங்களே சொல்லுங்க. அம்பது ரூவாயில டாக்டருக்கு இருவது. கம்பவுண்டருக்கு ரெண்டு. நீங்க இறக்குனாலும் அது இறங்காதுங்க. நீங்க முப்பதுக்கு வந்தீங்க. மிச்சம் எட்டு. எட்டு ரூவாய்க்கு ரத்தத்துக்குப் போடற சாயம் வாங்குவனா, வாடகை குடுப்பனா, உக்காந்து நூறு அணு எண்ணுவனா?"

"கட்டலைன்னா கட்டலைன்னு சொல்லியிருக்கணுமுங்க!"

"பழகுன மனுசங்க கேக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

மரியாதை! எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. கழுத்தை அறுக்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். ஒருவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "நார்மல்" என்று அழகான கையெழுத்தில் எழுதித் தருவார்கள்.

மில் கேட்டில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. விலை படியவில்லையென்றால் கையை உருவிக்கொள். உருவாமல் இருந்தால் சாமானைக் கொடு. பாலுசாமி கையையும் உருவவில்லை, சாமானையும் கொடுக்கவில்லை. வாங்கினது பத்து ரூபாயாக இருந்தாலும் திருட்டுத் திருட்டுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அந்த லட்சுமணசாமிக்கு ஐம்பது கொடுத்தேனே, அப்போது எண்ணினாரா?

ஆனாலும் அந்த எட்டு ரூபாய் என்னை விடவில்லை. ரொம்ப இறக்கினால் மில்லுக்காரன் மூட்டைக்குள் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவான் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் விலை பேசின பிறகும் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். குப்பைப் பஞ்சுக்குக் காட்டின அந்தச் சந்தேகத்தை மகளின் ரத்தத்துக்குக் காட்டவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவர்களிடம் சாமான் கலப்படமாகாது என்று எனக்கு யார் சொன்னது?

போகிற வழியில் டாக்டர் அரங்கசாமியிடம் ஏறினேன். இருபது ரூபாயைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

"நான் ரிப்போர்ட்டைத்தான பாய் பாக்க முடியும்?" என்றார்.

"புள்ளையப் பாத்தீங்களாங்க?"

அவர் பீளமேட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். பீஸ் வாங்கவில்லை. அதுதான் அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பீளமேட்டு ஆஸ்பத்திரி லேப்பில் பங்காரம்மா என்று ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை ஒரே இழுப்பில் தேய்த்து, சாயம் போட்டு, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பக்கத்தில் டைப்ரைட்டர் மாதிரி பித்தான்கள் வைத்த ஒரு சின்ன யந்திரம். ஒவ்வொரு அணுவைப் பார்க்கும்போதும் அதன் வகைக்கு உரிய பித்தானைத் தட்டுகிறார். நூறு ஆனதும் மணி அடிக்கும். நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"வெளிய உக்காருங்ணா, பேப்பர் குடுத்தனுப்பறேன்."

"இல்லீங்க அம்மணி. எண்ணறதை நான் பாக்கணும்."

என் குரலில் என்ன இருந்ததோ, திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கோழி வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"கோழி ரத்தத்துல சிவப்பணுவுக்கு நடுவுல கருப்பா ஒரு புள்ளி இருக்கும், மனுசனுக்கு இருக்காது. ஒரு தடவை கண்ண வெச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு தடவை!" பித்தானை விட்டுக் கையை எடுத்து மேஜையில் தட்டினார். "நாங்க இங்க கண்ணு போக எண்ணறோம். அவன் பேனாவுலயே எண்ணறான். ரெண்டு பேப்பருக்கும் ஒரே மதிப்பு!"

அப்புறம் எண்ணத் தொடங்கினார். டிக், டிக், டிக். பெரும்பாலும் ஒரே பித்தான்தான் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் ஒரே பக்கம் சாய்கிற தராசு யாருக்கும் தெரியும். மணி அடித்ததும் அவர் உடனே எழுதவில்லை. இன்னொரு சில்லை எடுத்து முதலிலிருந்து எண்ணினார். இரண்டாவது மணியும் அடித்தது.

"வந்து பாருங்ணா."

கண்ணை வைத்தேன். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் பெரிது பெரிதாக, ஒரே மாதிரி.

"நம்ம ஒடம்புக்குக் காவலு வெள்ளை அணுதான். நியூட்ரோஃபில் எதிரியக் கண்டதும் மொதல்ல ஓடிப்போய் முழுங்கறது. லிம்போசைட்டு, ஒரு தடவை வந்தவனை மறக்காம வெச்சிருந்து, மறுபடி வந்தா அடையாளம் புடிக்கறது. எல்லாம் எலும்பு மஜ்ஜைக்குள்ள பொறக்குது; பக்குவம் வந்ததுக்கு அப்புறந்தான் வெளிய வரணும். இங்க பாருங்க, பக்குவமே வராதது வந்து எடத்தையெல்லாம் புடிச்சிருக்குது. வேலை தெரியாது. சாகவும் மாட்டேங்குது. பெருகிட்டே இருக்குது."

எனக்குப் புரிந்தது. பஞ்சில் அப்படி ஒன்று உண்டு. செடியிலேயே விளையாமல் போன இழை. பார்க்கப் பஞ்சு மாதிரியே இருக்கும், சாயம் ஏறாது, முறுக்கினால் அறும். செத்த பஞ்சு என்போம். என் மகளின் எலும்புக்குள்ளே குடோன் முழுக்கச் செத்த பஞ்சு. நல்ல மூட்டைக்கு இடமில்லை. சிவப்பணுவுக்கு இடமில்லை, அதனால் வெளுப்பு. ரத்தத்தை உறையவைக்கிற அணுவுக்கு இடமில்லை, அதனால் கன்றிய இடங்கள். காவலுக்கு ஆளில்லை, அதனால் காய்ச்சல்.

பேப்பரில் பங்காரம்மா எழுதினார்: நியூட்ரோஃபில் 9, லிம்போசைட் 19, மோனோசைட் 1, விளையாத அணு 71. ரத்தப் புற்றுநோய் என்பதைப் பெரிய டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அஞ்சு வாரத்துக்கு முன்னாலயும் இது இருந்திருக்குங்களா?" என்று கேட்டேன். "இத்தனை இருந்திருக்காது. ஆனா இருந்திருக்கும். தேடுனா ரெண்டு, மூணு கண்ணுல பட்டிருக்கும்" என்றார். சாஜிதாவிடம் அந்தப் பதிலை நான் இன்னும் சொல்லவில்லை.

பாலுசாமியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கோழி ரத்தத்தை மனுச ரத்தம்னு பேர் மாத்திக் குடுத்தது நீங்கதான? மொதல் கேள்வி உங்களத்தான் கேப்பாங்க" என்றார். மகளின் ரத்தம் எங்கே என்றால் சாக்கடையில். சாட்சி எங்கே என்றால் என் வயிற்றில். லேப் மூடவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது போர்டில் புதிதாகக் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் சேர்ந்திருந்தது. விலை எண்பது. பெஞ்சு நிறைய ஆட்கள். நான் வாசலில் நின்று, உள்ளே மைக்ராஸ்கோப்பில் பஞ்சுதான் இருக்கிறது, கண்ணாடி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒரு அம்மாள், "ஏனுங்க பாய், வேற லேப்புல இருந்து காசு குடுத்து அனுப்புனாங்களா?" என்று கேட்டாள்.

அஃப்ஷீனுக்கு ஊசி ஆரம்பித்தது. முதுகுத்தண்டில் ஒன்று, கையில் ஒன்று. முடி கொட்டியது. முகம் ஊதியது. பசி வந்து பாதி ராத்திரியில் புரோட்டா கேட்டாள். காவல் இல்லாத உடம்பு என்பதால் வீட்டுக்குள் வருகிறவர்களெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அத்தா பேசாமல் தினம் பத்துத் தடவை கழுவினார். சோப்பை மட்டும் மொத்த விலைக்கு வாங்கிவந்தார்.

இருபத்தொன்பதாம் நாள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது அதில்தான் தெரியும். விளையாத அணு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தால் இதே மருந்து தொடரும். இல்லாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர், "மொதல்ல இதப் பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். சாஜிதா மகள் பக்கத்தில் இருந்தாள். நான் கதவோரத்தில் நின்றேன்.

"இதுக்கு நூறு பத்தாதுங்ணா. ஐந்நூறு எண்ணணும்" என்றார் பங்காரம்மா.

இந்தத் தடவை பித்தான்கள் மாறி மாறி விழுந்தன. விளையாத அணுவுக்கு உரிய கடைசிப் பித்தான் எப்போதாவது ஒரு தடவைதான் விழுந்தது. முதல் மணி. இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். நான்கு. ஐந்து.

"பதினஞ்சுங்ணா."

"ஒரு பத்துன்னு போட்டுக்க முடியாதுங்களா அம்மணி?"

வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல கோபம்.

"எண்ணுனது பதினஞ்சு. நூத்துக்கு மூணு. அஞ்சுக்குக் கீழதான் இருக்குது. மருந்து கேட்டுருச்சு. இன்னும் ரெண்டு வருசம் குடுக்கணும். போய்ப் புள்ளைகிட்டச் சொல்லுங்க."

பேப்பரை வாங்கிக்கொண்டேன். படி இறங்குவதற்கு முன்னால், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பேப்பரின் பின்பக்கத்தில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டேன்.

எண்ணியது 500. விளைந்தது 485. பாக்கி 15.